கொஞ்சம் நடப்போமா, அண்ணாச்சி

அந்த மருத்துவர் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து சேர்ந்த காலத்தில் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு நான் தலைவராக இருந்தேன். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு இங்கே ஜவுளிக்கடை. பெங்களூருக்குச் சென்று பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, அதன் கீழே அமர்ந்து துணி கிழித்தவன் நான். கடைவீதியில் எழுந்த எந்தத் தகராறும் காவல் நிலையம் வரை போனதில்லை. என் கடைக்கு வந்து முடிந்துபோகும். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் வியாபாரத்தில் பொறுப்பேற்றிருந்தான். அதுவரை என் பெயரை எவரும் எந்த வம்புப் பேச்சிலும் இழுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் இழுத்தார்கள்.

மருத்துவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் எங்கோ நலமாக இருக்கிறார். ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரை அச்சில் ஏற்றுவது முறையன்று. ஊரில் எல்லோரும் அவரை எலும்பு டாக்டரம்மா என்றார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அணிவார். வந்த புதிதில் கடைவீதிப் பெண்கள் அந்த ஷூவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் பாதிப் பேர் அதே ஷூவைத் தேடி அலைந்ததும் எனக்குத் தெரியும்.

எங்கள் கடை பழைய முறையில் அமைந்தது. தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த மேடை, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. என் தாத்தாவும் தந்தையும் சம்மணமிட்டு அமர்ந்த இடத்தில் நானும் அமர்ந்திருந்தேன். யார் வந்தாலும் நான் எழுவதில்லை. நகரசபைத் தலைவர் வந்தபோதும் எழவில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டிருந்தேன்.

அவர் முதல் நாள் வந்து விரிப்பின் ஓரத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, பக்கத்து ரூம் வாடகைக்குன்னு போர்டு தொங்குதே, உங்களுதா?"

திருநெல்வேலிப் பேச்சு. எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் பலசரக்குக் கடைக்காரரை நினைப்பார்கள். ஜவுளி வியாபாரியை, அதுவும் பட்டதாரியை, யாரும் அப்படி அழைத்ததில்லை.

"இந்த ஊர்ல அப்படிக் கூப்பிடறது வழக்கமில்லீங்க" என்றேன்.

"எங்க ஊர்ல வழக்கம் அண்ணாச்சி" என்றார், சிரிக்காமல்.

வாடகையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அறையிலிருந்து பேருந்து நிலையம் எவ்வளவு தூரம், வழியில் மேடு உண்டா, மார்க்கெட்டைச் சுற்றிப் போக வேண்டுமா என்பவற்றையே கேட்டார். பேசி முடித்ததும் போகத் திரும்பியவர், என் பக்கத்திலிருந்த மரத்தூணைப் பார்த்து நின்றார்.

"தப்பா எடுத்துக்கலன்னா ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தூண்ல இந்த ஒரு இடத்துல மட்டும் பெயின்ட் போயிருக்கே, ஏன்?"

"பழைய தூணுங்க."

"பழசுன்னா முழுசும்லா போகணும். உக்காந்திருக்கிற ஆளோட கை எட்டுற உசரத்துல மட்டும் போயிருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். "எந்திக்கக் கஷ்டமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா. நான் வேற, இந்த மனுஷன் மரியாத தெரியாதவர்னு நெனச்சு நின்னுக்கிட்டிருந்தேன்."

என் முழங்கால் வலி என் மகனுக்குத் தெரியாது. கடைப் பையன்களுக்குத் தெரியாது. கடையைச் சாத்தும் நேரத்தில் எல்லோரும் வெளியே போனபின் அந்தத் தூணைப் பிடித்துத்தான் நான் எழுந்து வந்தேன். அதை ஊரில் முதலில் கண்டவர், ஊருக்கு வந்து ஒரு நாள்கூட ஆகாதவர். எனக்குக் கோபம் வந்தது. அறையை அவருக்கே கொடுத்தேன்.

அவருடைய இயல்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான். மனிதர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் அவர்களுடைய காலைத்தான் நம்புவார். தூணையும், செருப்பின் தேய்வையும், படிக்கட்டில் எந்தக் கால் முதலில் ஏறுகிறது என்பதையும் நம்புவார். வாயிற்படியில் தயங்கி நிற்பவரிடம் என்ன நோய் என்று கேட்கமாட்டார். "கொஞ்சம் நடப்போமா?" என்பார்.

அந்தக் கேள்வி இந்த ஊரில்தான் அவருக்கு வழக்கமாயிற்று. அதற்குக் காரணம் ஏழுமலை.

ஏழுமலை எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் நிலத்தடியில் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடியபின் எங்கள் கடைக்கு எதிரில் டீக்கடை போட்டார். மாரிகுப்பத்துத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் லைன் வீடு. கடைவீதியில் நடக்கும் எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது, அவர் வாய்க்கும் தப்பாது. மருத்துவரிடம் அவர் போன நாளில், அறையின் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க நானும் அங்கே போயிருந்தேன்.

"எங்க வலிக்கு?" என்று கேட்டார் மருத்துவர்.

"எனுக்கா? எனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. ஊட்ல தொல்ல தாங்காம வந்தேன். காலு இரும்பு மாதிரி கீது."

"நடந்து காட்டுங்க."

ஏழுமலை சுவரிலிருந்து சுவர் வரை அணிவகுப்பில் நடப்பவர்போல நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. திரும்பும்போதும் பிசகவில்லை. உட்கார்ந்து எழச் சொன்னார், உட்கார்ந்து எழுந்தார். நெற்றியில் மட்டும் வியர்வை அரும்பியது.

"வலிக்கலையா?"

"இன்னாத்துக்கு வலிக்கும்? எத்தினி பேர தோள்ல தூக்கினு மேல ஏத்துற கேஜ் வரைக்கும் வந்துகிறேன் தெரியுமா?"

வீட்டார் எடுக்கவைத்துக் கொடுத்தனுப்பிய எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்தபோது மருத்துவரின் முகம் மாறியது. மூட்டுக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்க வேண்டிய குருத்தெலும்பு அநேகமாக இல்லை. எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருவர் அப்படி நடக்க முடியாது. ஏழுமலை கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தெருவில் இறங்கினார். மருத்துவர் சன்னலருகே போய் நின்றார். நானும் பார்த்தேன். தெருமுனை வரை நிமிர்ந்து போன ஏழுமலை, மருத்துவரின் அறை கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று எண்ணிய இடத்தில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சன்னல் அந்தப் பக்கம் திறப்பது அவருக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, இது என்ன ஊரு?" என்றார் மருத்துவர். "எங்க ஊர்ல டாக்டரக் கண்டா இல்லாத வலியெல்லாம் சொல்லுவாவ. இங்க, இருக்கிற வலிய மறைக்காவளே."

நான் விளக்கினேன். சுரங்கம் ஓடிய காலத்தில் நிலத்தடியில் இறங்குகிறவர்களை மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். கால் சரியில்லை, 'அன்பிட்டு' என்று எழுதிவிட்டால் கீழே அனுப்பமாட்டார்கள். அதில் பிழையில்லை, நொண்டுகிறவனை ஷாப்டுக் குழிக்குள் இறக்க முடியாது. ஆனால் கீழே இறங்குகிறவனுக்குத்தான் கூடுதல் சம்பளம், கூட்டாளிகளிடம் பெயர். ஆகவே சோதனைக்கு முந்திய நாட்களில் லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஆண்கள் நடந்து பழகுவார்கள். மனைவி வாசலில் நின்று, தோள் சாய்கிறது, கால் இழுக்கிறது என்று சொல்லித் திருத்துவாள். தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சுரங்கம் மூடிவிட்டது, சோதிக்க யாரும் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் மருத்துவரைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். சுரங்கத்தில் கால் வைக்காத எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கும் அது தொற்றியிருந்தது.

அவர் எக்ஸ்ரே படத்தை உறையில் போட்டார். பிறகு, "அப்ப இந்த நாலு சுவத்துக்குள்ள நான் இருக்கிற வரைக்கும் இவங்களுக்கு நான் சொரங்கத்து டாக்டருதான்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் நோயாளிகளோடு தெருவில் நடக்கத் தொடங்கினார்.

கடைவீதியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கேன்வாஸ் ஷூவும் குடையுமாக ஒரு பெண் மருத்துவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரோடு கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போவார். தன் காய்கறிப் பையை அவர் கையில் கொடுப்பார். சிறிது தூரம் போனதும் மறு கைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வார். எந்தக் கையில் சுமை இருக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று அரை அடி பின்னால் வந்தபடி பார்ப்பார். மார்க்கெட் முனைவரை நிமிர்ந்து வருகிறவர், பேச்சு சூடுபிடித்ததும் தன்னை மறந்துவிடுவார். அப்போது கால் இழுக்கும். "இங்கதான?" என்று முழங்காலின் உட்புறத்தைக் குடை முனையால் தொடாமல் காட்டுவார். மறைக்க வழியில்லாமல் அந்த மனிதர் சிரித்துவிடுவார். மருத்துவர் வீட்டுக்கு வேண்டிய காய்கறிகளை ஊரிலுள்ள மூட்டு வலிக்காரர்கள்தான் சுமந்தார்கள்.

ஊரிகத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி. அவரோடு ஸ்டேஷன் சாலையில் நடந்தபடியே மருத்துவர் கேட்டார்:

"காலைல முதல் அடி வைக்கும்போதுதான் உயிர் போகுது, பொறவு கொறைஞ்சிரும். சரியா?"

"அய்யோ, ஆமா டாக்டர். எங்க ஊட்டுக்காரரே நம்பல. ஆபீஸ் போக சோம்பேறித்தனம்ங்கிறாரு."

"கட்டில விட்டு எறங்கறதுக்கு முன்னால பாதத்த மேலயும் கீழயும் நல்லா ஆட்டுங்க. தட்டையான செருப்ப வீட்டுக்காரருக்குக் குடுத்திருங்க. நாலு நாள் அவரு போட்டு நடக்கட்டும், நம்புவாரு."

எல்லோருக்கும் மாத்திரை எழுதமாட்டார். எல்லோருக்கும் கத்தியும் வேண்டாம் என்பார். தரையில் குந்தி உட்காராதே, சம்மணமிடாதே, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தித் தொடையை இறுக்கிப் பழகு, வெயிலில் கொஞ்சம் நில், குளியலறையில் ஈரத்தைத் துடை. எளிய சொற்கள்தான். ஆனால் அறுவை சிகிச்சை வேண்டியவருக்கு அதைச் சொல்லத் தயங்கமாட்டார். வாரத்தில் சில நாட்கள் கோலாரில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்துவிட்டு வருவார். ஏழுமலைக்கு மூட்டை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னது என் கடை வாசலில் வைத்துத்தான். ஏழுமலை வழக்கம்போல் காலைத் தட்டி, இரும்பு என்றார்.

"ஏழுமல, இங்க பாருங்க" என்றார் மருத்துவர். "இனிமே ஒங்கள யாரும் அன்பிட்டுன்னு எழுதமாட்டாவ. வலிக்குதுன்னு சொன்னா ஒண்ணும் போயிராது."

ஏழுமலை சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே, "ராவெல்லாம் வலிக்குது டாக்டரம்மா" என்றார். நான் உள்ளே திரும்பித் துணி மடிக்கலானேன். அறுவை முடிந்து, அவர் இன்று என்னைவிட நன்றாக நடக்கிறார்.

என் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் என்னையும் நடக்க அழைத்தார். நான் மறுத்தேன். நோயாளி என்று தெருவில் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதைவிடவும், மனைவியை இழந்த ஒருவன், திருமணமாகாத ஒரு பெண்மணியோடு, தான் தலைவராக இருக்கும் கடைவீதியில் உலாவுவது சரியாக இராது என்று எண்ணினேன். மருந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். "நடந்து பாக்காம எப்படி எழுத?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி அழைக்கவில்லை.

ஏழுமலையின் அண்ணன் இறந்தபோது துக்கம் கேட்க மாரிகுப்பம் போனேன். லைன் வீட்டின் தாழ்ந்த கூரைக்குக் கீழே பாயில் அமர்ந்தேன். அமர்ந்தபின் எழ முடியவில்லை. பிடித்துக்கொள்ளத் தூண் எதுவும் இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் இருந்தேன். சங்கத் தலைவர் கடைசி வரை இருந்து மரியாதை செய்தார் என்று அந்த வரிசையில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எல்லோரும் போனபின் ஏழுமலை என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"மொதலாளி, நீங்க எங்க கீழ எறங்கினீங்க? எங்க நடைய இன்னாத்துக்கு நடக்குறீங்க?" என்றார் மெல்லிய குரலில். "அந்த அம்மாகிட்ட போங்க. நாளைக்கே போங்க. இல்லன்னா நானே போய்ச் சொல்லிடுவேன்."

மறுநாள் மாலை நானே அவர் அறை வாசலுக்குப் போனேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நடப்போமா, அண்ணாச்சி?"

மார்க்கெட்டைச் சுற்றிப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினோம். என் கையில் முள்ளங்கிக் கட்டு இருந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் எழுந்து கும்பிட்டார்கள். கும்பிட்டபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது மூட்டுத் தேய்மானம் என்றார் மருத்துவர். இன்னும் கத்திக்குப் போக வேண்டிய அளவில்லை. மெத்தையை விட்டு நாற்காலிக்கு மாற வேண்டும். கைத்தடி பிடிக்க வேண்டும்.

மூன்று தலைமுறை அமர்ந்த மெத்தையின் அருகில் ஒரு நாற்காலியைப் போடுவதற்கு எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. போட்டபின் நடந்ததுதான் வேடிக்கை. நாற்காலியிலிருந்து எளிதாக எழ முடிந்ததால், வருகிறவர்களுக்கு நான் எழுந்து வணக்கம் சொன்னேன். முதலாளிக்கு வயதான காலத்தில் பணிவு வந்திருக்கிறது என்று ஊர் மெச்சியது.

கைத்தடிக்கு என் தந்தையின் வெள்ளிப் பூண் போட்ட தடியை எடுத்தேன். வலிக்கும் பக்கத்திலேயே அதை ஊன்றினேன். எல்லோரும் அப்படித்தானே ஊன்றுகிறார்கள். மருத்துவர் தெருவில் வைத்தே அதை வாங்கி வலக்கையில் கொடுத்தார்.

"வலிக்கிற காலுக்கு எதிர்க் கையிலதான் கம்பு இருக்கணும் அண்ணாச்சி. இடது கால் முன்னால போகும்போது வலது கை கூடப் போகும்லா? அப்பதான் பாரத்த அது வாங்கிக்கிடும். பக்கத்துலயே இருந்தா தாங்காது. எதிர்ப்பக்கம் இருந்துதான் தாங்கணும்."

டீக்கடையிலிருந்து ஏழுமலை கேட்டார்: "இன்னா மொதலாளி, வலி லெப்டுல, கம்பு ரைட்டுல? ஷிப்டு மாறி வந்துட்டீங்களா?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் மாலைகளில் நடந்தோம். என்ன பேசினோம் என்று இன்று நினைத்துப் பார்த்தால், எலும்பைத்தான் பேசியிருக்கிறோம். யார் எப்படி நடக்கிறார், ஏன் அப்படி நடக்கிறார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரத்தில், தெரு முழுவதும் அவர் எனக்குப் படித்துக் காட்டும் ஒன்றாக இருந்தது. "அந்தா போறாரே, அவருக்கு இடுப்பு." "அந்த அம்மாவுக்குத் தோள். ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட முடியாம தவிக்காவ, கேளுங்க, இல்லன்னுதான் சொல்லுவாவ." என் கடையில் தினமும் வந்துபோகிற மனிதர்களை அப்போதுதான் நான் பார்த்தேன். தைத்த ரவிக்கைகளில் ஊக்கு முன்பக்கம் வைத்தவற்றைத் தனியாக அடுக்கச் சொன்னேன். அவற்றை யாருக்கு எடுத்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மழை தொடங்கும் முன்பே என் வலி பெரிதும் குறைந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் கால் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நின்றுவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை. கடையில் விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன் அந்தக் குரல் கேட்கும். நான் தடியை எடுத்துக்கொள்வேன்.

மகன் ஒருநாள் கணக்குப் பார்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், கன்னடம் கலந்த பேச்சில் சொன்னான்.

"அப்பா, பஜார்ல சும்னே ஏதோ பேசிக்கிறாங்க."

"டாக்டர் பேஷன்டோட நடக்கறாங்க. ஊரே அவங்களோட நடக்குது."

"ஊரு மாசத்துக்கு ஒரு தடவ நடக்குதுப்பா. நீங்க டெய்லி நடக்கறீங்க." பிறகு, "எனக்கொண்ணும் இல்லப்பா. நீங்களே முன்னாடி இப்படிப்பட்ட பஞ்சாயத்தெல்லாம் தீர்த்து வச்சவரு. அதான் சொன்னேன்" என்றான்.

அவன் சொன்னதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் சில நாட்கள் போகவில்லை. அவர் கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளே பார்ப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். நாற்காலிக்குக் கீழே என் பாதங்களைப் பார்த்துவிட்டுப் போவார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நான் தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் தனியாக இருந்த அவருடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த செய்தி ஒரு தை மாதத்தில் வந்தது. அக்காதான் அவரைப் படிக்க வைத்தவர். அவர் மறுபேச்சு இல்லாமல் அறையைக் காலி செய்ய ஏற்பாடு செய்தார். "ஊருக்கெல்லாம் பாத்ரூமத் தொடைக்கச் சொன்னேன் அண்ணாச்சி, எங்க அக்காவுக்குச் சொல்லல" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

போகும் நாளில் பேருந்து நிலையம் வரை நடந்தோம். பெட்டிகள் முன்னரே போய்விட்டன. அன்று நான் சலவை வேட்டி கட்டியிருந்தேன். தடியைக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். அவரிடம் கேட்க ஒரு வாக்கியத்தை அமைத்து வைத்திருந்தேன். பலமுறை சொல்லிப்பார்த்துச் செப்பம் செய்த வாக்கியம். அது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஒருவன் அவரைப் போன்ற ஒருவரிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்.

மார்க்கெட் முனையைத் தாண்டினோம். அவர் வழக்கம்போல் அரை அடி பின்னால் வந்தார். காய்கறி எதுவும் வாங்கவில்லை.

"இன்னைக்கு ரொம்ப நேரா நடக்கீயளே, அண்ணாச்சி" என்றார்.

"வலி இல்லீங்க."

"அப்படியா?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் நின்றார். நானும் நின்றேன். பேருந்து நிலையத்து டீக்கடையில் பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. வழியனுப்ப முன்னமே வந்திருந்த ஏழுமலை அங்கே டீயை ஆற்றுவதுபோல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததாக நினைவில்லை.

"அந்த ஏழுமலையும் முதல் நாள் இப்படித்தான் நடந்தாரு" என்றார்.

அவர் சிறிது நேரம் நின்றார். அது பேருந்துக்காக நின்ற நேரம் அன்று. பேருந்து முன்னமே வந்து நின்றிருந்தது. பிறகு, "துண்டச் சுருட்டி வச்சு அழுத்துறத விட்றாதீய" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சன்னலோர இடம் கிடைத்தது. அங்கிருந்து அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். சன்னல்களிலிருந்து பார்ப்பது அவர் வழக்கம். ஆகையால் கடை வரை நிமிர்ந்தே நடந்து வந்தேன்.

அந்த அறையில் இப்போது செல்பேசிக் கடை இருக்கிறது. என் இடது மூட்டு மறுபடியும் வலிக்கிறது. வயதுக்கு உரியதுதான் என்று பெங்களூரில் ஒரு மருத்துவர், கணினியில் படத்தைப் பார்த்துக்கொண்டு, என்னை எழுந்து நிற்கக்கூடச் சொல்லாமல், தெரிவித்தார். மாலையில் நான் மார்க்கெட்டைச் சுற்றிப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். தடி வலக்கையில் இருக்கிறது. எதிரே வருகிறவர்களில் யாருக்கு இடுப்பு, யாருக்குத் தோள் என்று எனக்குத் தெரிகிறது. சொல்வதற்கு அருகில் யாரும் இல்லை. அண்ணாச்சி என்று இந்த ஊரில் என்னை யாரும் அழைப்பதில்லை. நான் சொன்னதுபோல், இங்கே அது வழக்கமில்லை.

கடைவீதியில் இன்னும் ஒரு கதை உலவுகிறது. ஏழுமலையின் டீக்கடையில்தான் அது தொடங்கியிருக்க வேண்டும். நான் அன்று பேருந்து நிலையத்தில் வைத்து அவரிடம் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும், அதனால்தான் நான் அவ்வளவு விறைப்பாகத் திரும்பி நடந்ததாகவும் சொல்கிறார்கள். என் பெயரைப்பற்றி மட்டுமானால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். இது அவரையும் சேர்த்துச் சொல்லப்படும் கதை. ஆகவே சொல்கிறேன். அது தவறு. அவர் மறுக்கவில்லை. நான் கேட்கவில்லை.